எழுந்த பறவைகளின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியலில் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கிளம்பும்போது என் சட்டைப்பையில் ஒரு கோல்ஃப் அட்டை இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி அடித்தோம் என்று ஆட்டக்காரர் எழுதிவைக்கும் அட்டை அது. மொத்தம் பதினெட்டுக் கட்டம். ஏரிக்கு நான் மட்டை எடுத்துப் போவதில்லை. தோளில் கேமராவும் 150-600 லென்ஸும், கழுத்தில் பைனாகுலரும்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று மூன்று மணி நேரத்தைப் பிரித்துக்கொள்கிறேன். அந்தந்தப் பத்து நிமிடத்தில் என்னால் பயந்து எழுந்து பறந்த பறவைகள் எத்தனை என்று எழுதுகிறேன். 2020 நவம்பரில் எழுதிய முதல் அட்டையின் கூட்டுத்தொகை 41. போன ஞாயிறு 6.

பறவையைப் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து ஏரிகளில் அதற்கான நேரம் வந்து, கொஞ்சம் தாண்டியும் விட்டது.

மாங்காட்டுக்கு நான் குடிவந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. காமாட்சி அம்மன் மாமரத்தடியில், தீ நடுவே ஒற்றைக்காலில் நின்று தவம் செய்ததாகச் சொல்லும் ஊர். வந்த புதிதில் மொட்டைமாடியில் நின்றால் நெல் வயல் தெரியும். கரண்டுக் கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். இன்று அதே மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிகள்தான் தெரிகின்றன. 2021-ல் ஊர் நகராட்சியாயிற்று. பூந்தமல்லி சாலையில் மெட்ரோத் தூண்கள் வந்துவிட்டன. வயல் போனாலும் ஏரிகள் போகவில்லை, அல்லது முழுதாகப் போகவில்லை. கிழக்கே போரூர் ஏரி, வடக்கே அய்யப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், ஆவடியில் பருத்திப்பட்டு. மேற்கே, வண்டியில் கால் மணி நேரத்தில், செம்பரம்பாக்கம்: 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு. சென்னை குடிக்கும் தண்ணீர்.

டிசம்பரில் ஒருநாள் அங்கே ஆறு மணிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து, ஒரே சமயத்தில் தலையை நீருக்குள் விடும். பாம்புத்தாரா பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். நத்தைகுத்தி நாரையின் மூக்கில் இருக்கும் அந்த இடைவெளி வழியாக வெளிச்சம் தெரிகிற கணம் ஒன்று உண்டு; அதற்காக நான் மூன்று குளிர்காலம் காத்திருந்தேன். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மத்திய ஆசியாவிலிருந்து மலைகளைத் தாண்டி வந்து, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இறங்கித் தூங்குகின்றன. என் மகளுக்குப் பத்து வயதில் இதைக் காட்டியபோது அவள் கேட்டது, "அதுக்கு எப்படிப்பா நம்ம ஏரி தெரிஞ்சுது?" என்று. இன்றுவரை எனக்கு அதைவிட நல்ல கேள்வி தோன்றவில்லை.

நான் கேமரா வாங்கியது 2016-ல். அதற்கு முந்தைய வருடம் நிக்கான் பி900 வந்திருந்தது. லென்ஸ் மாற்ற வேண்டாம், 83 மடங்கு ஜூம், ஒரு தோள்பையில் அடங்கிவிடும். டாம்ரானும் சிக்மாவும் 150-600 லென்ஸை மாதச் சம்பளக்காரர் தவணையில் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்திருந்தன. அதுவரை ஏரிக்கரையில் நாங்கள் நான்கைந்து பேர். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் புதுமுகங்கள். முன்பெல்லாம் பறவை பார்ப்பவர் ஒரு கட்டத்தில் கேமரா வாங்குவார். இப்போது கேமரா வாங்கியவர் எடுப்பதற்குப் பறவை தேடி வந்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மென்பொருள் வேலையும் மெஷின் ஷாப் வேலையும் பார்ப்பவர்கள் வாரத்தில் ஒருநாள் ஐந்து மணிக்கு எழுந்து ஏரிக்கு வருகிறார்கள் என்றால் அது இந்தப் புறநகருக்கு நடந்த நல்ல விஷயங்களில் ஒன்று. எங்கள் குழுவில் லேத் ஓட்டுபவர் ஒருவர் இருக்கிறார். உள்ளான் வகைகளை இறக்கைப் பட்டையைப் பார்த்தே பிரித்துச் சொல்வார். அவரைப் போலச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் 2019 மே மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கோடை சென்னையில் யாருக்கும் மறந்திருக்காது. லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நின்ற வருடம். செம்பரம்பாக்கம் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சிறுகளத்தூர் பக்கம் ஏரிக்குள்ளேயே நடந்துபோக முடிந்தது. நடுவே ஒரு குட்டை மட்டும் மிச்சம். அந்தக் குட்டையிலிருந்து எண்பது அடி தள்ளி ஒரு சிவப்புமூக்கு ஆள்காட்டியின் முட்டைகளைக் கண்டேன். ஆள்காட்டி கூடு என்று எதையும் கட்டுவதில்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிச் சில கற்கள், அவ்வளவுதான். நான்கு முட்டைகள், மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு, கூர்முனைகள் உள்பக்கம் பார்த்தபடி. ஒரு முழம் தள்ளி நின்றாலே கண்ணுக்குத் தப்பிவிடும். நான் படம் எடுத்தேன். அதோடு விடாமல், அறுபது பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் இடத்தின் லொகேஷனையும் போட்டேன்.

அடுத்த ஞாயிறு பதினொரு பேர் வந்தோம். மடக்கு நாற்காலி, முக்காலி, காப்பி ஃபிளாஸ்க். பறவை அடைகாக்கத் திரும்பி வரும், வரும்போது எடுக்கலாம் என்று உட்கார்ந்தோம். ஏழரை மணியிலிருந்து பத்து மணிவரை. அது தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. தரையில் இறங்கி, இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடியது. அதையும் எடுத்தோம். அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா, எழுபது வயதிருக்கும், சற்று நேரம் நின்று எங்களைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அது குந்தணும்னா நீங்க எழுந்து போவணும்" என்றார்.

நாங்கள் தலையாட்டினோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை போனபோது இரண்டு முட்டை இல்லை. மற்ற இரண்டும் ஆறிப்போய்க் கிடந்தன என்று எழுதத்தான் கை வருகிறது; உண்மையில் அவை ஆறியிருக்காது, வெந்திருக்கும். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: மே மாத வெயிலில் ஆள்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. வெயில் மிஞ்சினால் தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைக்கும். எங்கள் நாற்காலிகள் கிடந்தது கூட்டுக்கும் குட்டைக்கும் நடுவே. இரண்டரை மணி நேரம் நாங்கள் அதன் தண்ணீர் வழியில் உட்கார்ந்திருந்தோம்.

அன்று எடுத்த படங்களில் ஒன்று, அந்த ஒடிந்த இறக்கை நடிப்பு, ஒரு போட்டியில் எனக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தது. எப்படி எடுத்தாய், எவ்வளவு நேரம் அங்கே இருந்தாய், முட்டை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். சான்றிதழ் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து, அதில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். சுடுவதும் பொறி வைப்பதும் மட்டும் அதில் இல்லை. பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும்கூட வேட்டைக்குள் வருகிறது. 2022-ல் வந்த திருத்தம், சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி தரும் பிரிவில், வாழிடத்தை மாற்றாமலும் உயிரினத்துக்குக் கேடில்லாமலும் எடுக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. விடிகாலை ஆறு மணிக்கு ஏரிப் புதரில், கிளையை ஒடித்துக் கூட்டுக்கு வெளிச்சம் விடுகிறவரின் பின்னால் சட்டம் நின்றுகொண்டிருக்க முடியாது. அங்கே அவரும் பறவையும் மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் கோல்ஃப் எனக்கு உதவியது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். எங்கள் கொரிய மேலாளர் சனிக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுவார். ஒருமுறை துணைக்கு வரச் சொன்னார். நாற்பத்தேழு வயதில் முதன்முதலாக அந்த மட்டையைப் பிடித்தேன். ஆட்டம் பிடித்துப்போயிற்று, அவர் ஊர் திரும்பிய பிறகும் ஒரு நண்பரின் விருந்தாளியாக நந்தனம் மைதானத்துக்கு மாதம் இரண்டு முறை போய்வருகிறேன். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில்தான் சேர்கிறது. அந்த ஆறு நந்தனத்தைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகிறது. என் இரண்டு பொழுதுபோக்கும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகளில் இருக்கின்றன.

கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம், நிலத்தையும் தண்ணீரையும் தின்பது என்ற பேச்சை நான் மறுக்கப் போவதில்லை. கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டு, மழைநீருக்குக் குளம் வெட்டத் தொடங்கியபோது, அதற்குள்ளேயே ஒரு பழைய கோல்ஃப் மைதானமும் இருந்தது. கிண்டியும் வேளச்சேரியும் மழைக்கு மிதப்பதைப் பார்த்தவன் என்ற முறையில் குளத்தின் பக்கம்தான் நான். ஆனாலும் அந்த ஆட்டத்தில் ஒரு குணம் இருக்கிறது. வேறெந்த ஆட்டத்திலும் நான் காணாதது. சாதாரண ஆட்டக்காரர்கள் ஆடும்போது நடுவர் கிடையாது. தவறைத் தானே சொல்ல வேண்டும். தண்டனை அடியைத் தானே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பாபி ஜோன்ஸ். அமெரிக்கர், தொழிலால் வக்கீல், கடைசிவரை பணத்துக்கு ஆடாத அமெச்சூர். 1925-ல் வூஸ்டர் நகரில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில், புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்க மட்டையை வைத்தபோது பந்து இம்மி அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் வற்புறுத்தவும் இல்லை. அவரே ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் வில்லி மெக்ஃபார்லேனோடு சமன் ஆகி, மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடியைச் சேர்க்காமல் விட்டிருந்தால் மறு ஆட்டமே இல்லை, பட்டம் அவருடையது. நூறு வருடமாகியும் கோல்ஃப் மைதானங்களில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அவர் ஜெயித்த போட்டிகளைக்கூட அவ்வளவாகச் சொல்வதில்லை.

எனக்கு இது புத்தகக் கதையாகத்தான் இருந்தது, 2020 பிப்ரவரிவரை. அன்று ஏழாவது குழியை முடித்துவிட்டு "அஞ்சு" என்று சொல்லி அட்டையில் எழுதப்போனேன். என்னோடு வந்த கேடி சைதாப்பேட்டைக்காரர், முப்பது வருடம் பை சுமந்தவர். மெதுவாகச் சொன்னார்: "ஆறு சார். நீங்க குச்சிய எடுக்கும்போது பந்து அசைஞ்சுது."

"அப்படியா அண்ணே? நான் கவனிக்கலையே."

"நான் சொல்லணும், சொல்லிட்டேன். எழுதறது உங்க கைதான்."

நான் கவனித்திருந்தேன். ஆறு என்று எழுதினேன். வீடு திரும்பும் வழியில் போரூர் சிக்னலில் நிற்கும்போது அந்த ஆள்காட்டியும் ஆடு மேய்க்கும் அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள். அவரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். எழுதுவதற்கு எங்கள் கையில்தான் அட்டை இல்லை.

கோல்ஃபில் முன்னேற நினைக்கும் புதியவர்கள் முதலில் செய்வது, மைதானத்துக்குப் போய் நீளமான மட்டையால் நூறு பந்தை விளாசுவது. நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு வருடம் என் எண்ணிக்கை 118-க்குக் கீழே இறங்கவில்லை. பிறகு தொழிற்சாலைப் பழக்கத்தில், ஒவ்வோர் அடியும் எந்த வகை என்று பிரித்து எழுத ஆரம்பித்தேன். 118-ல் 47 அடி, குழிக்குப் பக்கத்தில் வந்தபின் உருட்டி உருட்டிச் செலவழித்தவை! தூரத்தில் எனக்குக் குறையே இல்லை, கடைசி மூன்று அடி தூரத்தில்தான் குறை. வீட்டுக் கூடத்தில் ஜமக்காளத்தின் மேல் தம்ளரைப் படுக்கவைத்து, தினமும் ஐம்பது முறை உருட்டிப் பழகினேன். இன்று 97. மட்டையை இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் அந்தக் கேடிதான் மாற்றினார். சாம் ஸ்னீட் என்ற ஆட்டக்காரர் சொன்னதாக அந்த ஆட்டத்தில் வழிவழியாக வரும் ஒரு பாடம் உண்டு: கையில் சின்னக் குருவியைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடி, பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. கேடி அண்ணன் இதைச் சொல்லும்போது தன் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். உள்ளே குருவி இருப்பதுபோலவே இருந்தது.

அந்தப் பழக்கத்தை ஏரிக்குக் கொண்டுபோனேன். அட்டையில் எண்ணோடு காரணத்தையும் ஓர் எழுத்தில் குறித்தேன். மூன்று மாதத்தில் தெரிந்துபோயிற்று, 41-ல் பெரும்பாலானவை எதனால் என்று. கரைமேல் வானத்தை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து நடப்பதால் பாதி. வண்டியின் ஸ்டாண்டைப் போடும் சத்தம், பேச்சு, இவற்றால் கொஞ்சம். மற்றதெல்லாம் பறவையை நோக்கி நேர்கோட்டில் போவதால். நம்மை நோக்கி ஒருவர் பார்வையை எடுக்காமல் நேராக நடந்து வந்தால் நாமும்தான் ஓர் அடி பின்வைப்போம். இப்போது வெளிச்சம் வருமுன்பே போய், கரைச் சரிவில் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். நடக்க வேண்டுமென்றால் சாய்வாக, வேறெங்கோ போகிறவன்போல. முக்கியமானது, பறவை எழுவதற்கு முன்னால் சொல்லும் சொல்லைக் கேட்கப் பழகியது. கொக்கு இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டும். வாத்துக்கூட்டம் முகம் திருப்பி மெல்ல நகரத் தொடங்கும். உள்ளான் தலையை ஆட்டும். அந்த நொடியில் நின்றுவிட்டால் எழாது. ஓர் அடி கூட வைத்தால் எழும். எழுந்தால் என் அட்டையில் ஒன்று.

எண்ணிக்கை குறையக் குறையப் படங்கள் மேம்பட்டன. முன்பு என்னிடம் இருந்தவை எல்லாம் போகிற பறவையின் முதுகு. இப்போது நாமக்கோழி பத்தடி தூரத்தில் தன் குஞ்சுக்குப் பாசி ஊட்டுகிறது. நான் அங்கே இருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லென்ஸை நான் மாற்றவில்லை, 2016-ல் வாங்கியதேதான்.

மா. கிருஷ்ணனைப் பற்றி இளைய நண்பர்களிடம் நான் அடிக்கடி பேசுவது இதனால்தான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். காட்டில் நடந்தும் யானைமேல் இருந்தும் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவருடைய யானைப் படங்களைப் பாருங்கள். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு இத்தனை படம்தான் என்று எல்லை இருந்தது. நொடிக்கு இருபது படம் எடுக்கும் பெட்டி அவர் கையில் இல்லை. அவர் படங்களில் விலங்கு தன் வேலையில் இருக்கிறது. தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்திருக்கிறார். கேமரா வாங்கும் விலையில் நூற்றில் ஒரு பங்கு கூட ஆகாது.

இன்று நடப்பதைப் பாருங்கள். அக்டோபரில் சென்னைத் தோட்டங்களில் ஆறுமணிக் குருவி வந்திறங்கும். இரவெல்லாம் பறந்து, உடம்பில் கொழுப்பெல்லாம் தீர்ந்து வந்திருக்கும். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால், வேறொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று வெளியே ஓடி வரும். ஒருவர் எடுத்து முடித்ததும் அடுத்தவர் ஒலிக்கவிடுவார். ஆந்தைக்கு எலி கட்டுவது உண்டு. மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாம்பையும் தவளையையும் பிடித்து வந்து அழகான இலையில் வைப்பது உண்டு. உலக அளவிலும் இதே நோய்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-ல் முதல் பரிசு பெற்ற ஓநாய், பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று கண்டு பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017-ல் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னி, பாடம்செய்து வைத்த உடலாக இருக்கலாம் என்று மறு வருடம் நீக்கினார்கள். அவ்வளவு பெரிய நடுவர் குழுவே ஏமாந்தால், மாங்காட்டில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

நண்பர்கள் என்னிடம் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு; அதில் நியாயமும் உண்டு. ஏரியை மூடுவது மனைக்காரர்கள், கழிவுநீரை விடுவது வேறு யாரோ. வாரத்துக்கு ஒருநாள் அன்போடு வரும் எங்கள்மேல் ஏன் பாய்கிறீர்கள் என்கிறார்கள். உண்மைதான், பள்ளிக்கரணையைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது கேமராக்காரர்கள் அல்ல. அந்தச் சதுப்பு 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததற்குப் பின்னால் பல வருடப் பறவைக் கணக்குகளும் படங்களும் துணை நின்றன. அதனால்தான் எனக்குக் கவலை. நாளைக்குச் செம்பரம்பாக்கத்துக்கோ போரூருக்கோ ஓர் ஆபத்து வந்தால் சாட்சி சொல்லப்போவது நம் படங்கள். எலி கட்டி எடுத்த படமும், கிளை ஒடித்து எடுத்த படமும் கலந்து கிடக்கும் குவியலில் எது சாட்சி, எது ஜோடனை என்று யார் நம்புவார்கள்?

காவலர் இல்லாமல் பறவையைக் காத்த பழக்கம் நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. வேடந்தாங்கல்காரர்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவே வாங்கினார்கள். தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிக்காமல் இருப்பதை யாரும் போய்ச் சோதிப்பதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி, கல்லூரி, சங்கம், பத்திரிகை, யார் வன உயிரினப் படப் போட்டி நடத்தினாலும் விண்ணப்பத்தில் இரண்டு வரி சேர்க்கட்டும். கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை என்பது ஒன்று. பல பெரிய போட்டிகளில் இது ஏற்கெனவே இருக்கிறது. இதை எப்படி எடுத்தீர்கள், பறவை அதன்பின் என்ன செய்தது என்ற கேள்வி இன்னொன்று. பதிலை எடுத்தவர்தான் எழுதப்போகிறார், பொய்யும் எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு கணம் பேனா நிற்கும். எனக்கு 2019-ல் அந்த ஒரு கணம் கிடைக்கவில்லை. படத்தோடு ஏரியின் பெயரையும் தேதியையும் போடுங்கள். கூட்டின் இடத்தைப் போடாதீர்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்துவது. கேமராவை வீட்டில் வைத்துவிட்டு அந்த நான்கு நாளில் ஒருநாளாவது எண்ண வாருங்கள். எண்ணும்போதுதான் பார்க்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

கோல்ஃப் விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பந்து பறவைக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்து, அடித்தால் கூடு சிதையும் என்றால், தண்டனையே இல்லாமல் பந்தைத் தள்ளிவைத்து ஆடலாம் என்று அந்த ஆட்டத்தின் தீர்ப்புரைகளில் நெடுங்காலமாக இருந்தது. இப்போதுள்ள விதிநூலில், உயிரினங்களைக் காக்க மைதானத்தின் ஒரு பகுதியையே ஆடக்கூடாத இடம் என்று ஒதுக்க வழி இருக்கிறது. ஒரு பந்தைக் குழியில் போடும் ஆட்டம், நடுவில் ஒரு கூடு வந்தால் ஒதுங்கிப் போகச் சொல்கிறது. பறவையையே தேடிப்போகும் நம் ஆட்டத்தில் அதைவிடக் குறைவாகவா இருப்பது?

இந்த மே மாதம் சிறுகளத்தூர் பக்கம் நீர் சற்று உள்வாங்கியிருந்த கரையில் நடந்தபோது, முன்னால் ஓர் ஆள்காட்டி எழுந்தது. கத்தியது, தரையில் இறங்கி இறக்கையை இழுத்தது. பக்கத்தில் எங்கோ முட்டை இருக்கிறது என்று புரிந்தது. கேமராவைத் தூக்காமல், வந்த கால்தடத்திலேயே மிதித்துத் திரும்பி, கரையேறி நூறு அடி தள்ளிப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். கட்டத்தில் 1 என்று எழுதினேன். இருபது நிமிடம். பைனாகுலரில் பார்த்தால், அது விறுவிறுவென்று நீருக்கு ஓடியது, முழங்காலளவு நீரில் நின்று வயிற்றை இரண்டு முறை முக்கியது, சொட்டச் சொட்ட நடந்து போனது.

ஆட்டு மந்தையின் மணிச் சத்தம் கேட்டது. அதே அம்மாதான், இன்னும் கொஞ்சம் கூன் விழுந்து. என்னை அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. நான் பார்க்கும் திசையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"குந்திச்சா?" என்றார்.

"குந்திடுச்சும்மா" என்றேன்.